பால் எடுக்கச் சொன்ன ஹோர்ன்

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்டு எழுத வேண்டிய தூரத்தில் நீ இல்லை. காலையில்தான் என் கையால் சுட்ட ரொட்டியைத் தின்று, சம்பலில் காரம் கூடிவிட்டது என்று குறையும் சொல்லிவிட்டு, பைக்கை உருட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைக்குக் கடை வேலைக்குப் போனாய். ஒரே அறையான இந்தக் காம்பராவில் கூடவே இருக்கிற மகனுக்கு எந்தத் தாயாவது கடிதம் எழுதுவாளா என்று சிரிப்பாய். சிரி. ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் எதை வாய்விட்டுப் பேசுவது? நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. நான் இந்தப் பக்கம் தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து செல்லம்மா "நூறு" என்கிறாள். அப்படியே பேச வாய்த்தாலும் நீ பாதியிலேயே "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது. முழுசாகப் படி. படித்துவிட்டு, உனக்கு வரப்போகிற தர்ஷினிக்கும் கொடு. அவள் விஷயமாகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ எனக்கு வேலை வயது முடிந்து, தோட்டத்து ஆட்களின் பேர்ப்பதிவான செக்ரோலில் என் பேரை வெட்டப்போகிறார்கள். வேலை போவது பரவாயில்லை, உடம்பும் ஓய்வு கேட்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருடைய பேராவது செக்ரோலில் இல்லையென்றால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா, அவர் வாயில் மட்டும் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. கேட்கலாமென்றால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. இதற்கு நீ போன ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வழி சொன்னாய். தர்ஷினி இங்கே வந்ததும் அவள் பேரை ரப்பர் மலையில் பால் வெட்டுக்குப் பதிந்துவிடலாம், கொஞ்ச நாளைக்குத்தான், காம்பரா நம் கையிலேயே இருக்கும் என்றாய். நானும் "நல்லதுதானே" என்றேன். அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல உன் பைக்கின் ஹோர்னிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாள் என்று நினைக்காதே. முடிச்சு தானாகவே விழுந்திருக்கிறது, நான் அவிழ்க்கத்தான் பார்க்கிறேன்.

பெரிய ஹோர்ன் ஒன்று வாங்கி மாட்டு என்று உன்னைப் பிடுங்கியெடுத்ததே நான்தான். நீ பைக் எடுத்த புதிதில், அவிசாவளைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று வளைவில் உன்னை ஓரம் கட்டியது. பைக்கோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, முழங்கால் தோல் உரிந்து வந்து நின்றாய். ஹோர்ன் அடித்தாயா என்று கேட்டேன். அடித்தாயாம், பஸ்காரனுக்குக் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்கும்? அந்தப் பழைய ஹோர்ன் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரிதான் கத்தும். மெயின் ரோட்டை விடு, நம் தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம். எதிரே ட்ராக்டர் வருவது மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். உன் அப்பா போனது காய்ச்சலில், ரோட்டில் இல்லை. ஆனாலும் ஒருவரைப் பறிகொடுத்தவளுக்கு அடுத்தது எந்த வழியில் வருமோ என்கிற பயம் போவதில்லை. நீ வேலை முடிந்து வருகிற நேரத்தில் நான் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்பில் வந்து நிற்பது காற்று வாங்குவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாயோ என்னவோ.

சம்பளம் போட்டதும் வந்த ஞாயிற்றுக்கிழமை உன் பின்னால் ஏறி நானும் பசாருக்கு வந்தேன். மோட்டார் பார்ட்ஸ் கடை முதலாளி பெட்டி பெட்டியாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வட்டமாக, தட்டையாகச் சில. நத்தைபோலச் சுருண்டவை சில. பஸ்காரர்கள் மாட்டுகிற, பாட்டுப் பாடும் ஹோர்ன் ஒன்றையும் காட்டி, இதை மாட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்று அவரே சொல்லி உள்ளே வைத்தார். உனக்கு நத்தைமேல் கண். அதில் மெல்லிய குரலில் ஒன்று, தடித்த குரலில் ஒன்று, இரண்டும் சோடி. ஆனால் உன் பைக்கின் பெட்டரி இரண்டையும் தாங்காது, ஒன்றைத்தான் மாட்டலாம் என்றார் முதலாளி. அவர் பழைய பெட்டரி ஒன்றில் வயரைத் தொட்டுத் தொட்டு அடித்துக் காட்ட, கடைக்குள்ளே எல்லாமே காதைப் பிளந்தது. நான் ரோட்டைக் கடந்து பஸ் நிற்கிற ஹோல்ட்டில் போய் நின்று, அங்கிருந்து கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மெல்லிய குரல் எனக்குக் குழந்தை வீரிடுவதுபோல இருந்தது. தடித்தது வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்தது. இதுதான், இதுதான் என்று அங்கிருந்தே கையைக் காட்டினேன். மெல்லியதுதான் தூரத்துக்குப் போகும் என்று நீ வாதாடிப் பார்த்தாய். முதலாளி "அம்மா கியன எக்க ஹரி" என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். அம்மா சொல்வதுதான் சரி என்று இரண்டு பாஷையிலும் தீர்ப்பான பிறகு நீ என்ன செய்வாய்? தடித்ததையே வாங்கினாய்.

இனி வருவது உனக்குத் தெரிந்த விஷயம். தர்ஷினி தேயிலைத் தோட்டத்துப் பெண், அவளுக்காக எழுதுகிறேன். ரப்பர் மலையில் நாங்கள் விடிந்ததும் மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு வருவோம். பால் சொட்டிச் சிரட்டை நிறைய நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் உட்கார்ந்து ரொட்டி தின்போம், வெற்றிலை போடுவோம், வம்பு பேசுவோம். பிறகு பால் ஸ்டோரிலிருந்து கங்காணி ஹோர்ன் அடிப்பார். முன்பு வாயால் ஊதும் கொம்பு இருந்ததாம். எங்கள் டிவிஷனில் இப்போது பழைய லொறி ஒன்றின் ஹோர்னைப் பெட்டரியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அது அடித்தால்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்கப் போகலாம். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் சிரட்டையில் தண்ணீர் கலந்து பால் வீணாகும். மரத்தையும் வானத்தையும் பார்த்து, ஹோர்னுக்குக் காத்திராமல் நான் எடுக்கத் தொடங்கினேன். என் பால் தப்பியது, மற்றவர்களுடையது மழையில் கரைந்து ஓடியது. அவர்களுக்கு மழை என்று எழுதி முழுப்பேர் கொடுத்தார்கள். எனக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ஹோர்ன் அடிக்காமல் யார் உன்னை எடுக்கச் சொன்னது என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் மரத்தைப் பார்ப்பதில்லை, வானத்தையும் பார்ப்பதில்லை. காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ லீவு போட்டு ஹோர்ன் மாட்டிய நாளுக்கு வருகிறேன். நான் மலைக்கு இறங்கும்போதே நீ இஸ்தோப்பில் சாமான்களைப் பரப்பிவிட்டாய். பழையதைப் பிடித்திருந்த தகடு புதிய நத்தையின் பாரத்துக்குப் போதாமல், இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து ஹெட்லைட்டுக்குக் கீழே முறுக்கினாயாம். மழைத் தண்ணீர் இறங்காமல் அதன் வாயைக் கீழ்நோக்கி வைத்தாயாம். இதெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய ஹோர்ன் கூட மின்சாரம் இழுக்கும், நடுவே ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி போட்டுத்தான் வயர் கொடுக்க வேண்டும் என்று முதலாளி படித்துப் படித்துச் சொன்னதை உன் வழக்கப்படி "பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டாய். பழைய வயரிலேயே நேராகக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினாய். பொத்தான் உள்ளே சூடாகி ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. நீ பதறிப்போய்ப் பெட்டரி வயரைப் பிடுங்கும் வரைக்கும் அது நீட்டி முழங்கியது. நம் லயம் மேட்டில் இருக்கிறது. நாங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த மலை நேர் கீழே.

அப்போதுதான் நாங்கள் பட்டை சீவி முடித்து உட்கார்ந்திருந்தோம். செல்லம்மா ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனவள், சத்தம் வந்ததும் அதைத் திரும்ப மடித்து வைத்தாள். எல்லாரும் எழுந்தோம். இந்த இடத்தை நன்றாகப் படி, மகனே. நீ அன்றைக்கு ஹோர்ன் மாட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தெரிந்தெடுத்தவளே நான். பால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, பாதிகூட நிறையாத சிரட்டையை எடுத்து வாளியில் கவிழ்த்தேன். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று என் வரிசை முழுவதும் போய் முடித்தேன். நேரமாகவில்லை என்று தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்கும் கைக்கும் அது தெரியவில்லை, தெரிந்தாலும் அவை கேட்டிருக்காது.

நாங்கள் வாளிகளோடு பால் ஸ்டோரில் போய் வரிசையாக நின்றபோது கங்காணி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஹோர்ன் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. எங்களைப் பார்த்து அவர் விழித்த விழிப்பை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. நிறுத்துப் பார்த்ததில் ஒருத்திக்கும் பால் காணாது. எல்லாருக்கும் அரைப்பேர். மரத்தைப் பார்த்தால் தெரியாதா, கண்ணை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கத்தினார். அவர் முன்னால் ஒருநாளும் வாய் திறக்காத செல்லம்மாதான் பதில் சொன்னாள்.

"மரத்த பாத்து எடுக்கச் சொல்லி எங்களுக்கு யாருங்க சொன்னா? ஹோர்ன கேட்டுத்தானே எடுக்கச் சொன்னீங்க."

அப்படியும் கங்காணி அரைப்பேரை மாற்றவில்லை. அவரை மட்டும் திட்டி என்ன, அவர் தலைக்கு மேலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேலும் ஒருவர் இருப்பார்.

அன்று பின்னேரம் லயமே நம் வாசலில் திரண்டது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய். திட்டித் தீர்த்தார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து உன் பேர் சின்னக் கங்காணி ஆகிவிட்டது. வயர் வேலை தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்து ரிலேயும் போட்டாய். ஆனால் அந்த ஹோர்னைத் தோட்டத்துக்குள் அடிக்கவே கூடாது என்று ஆபிஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எந்த வளைவுக்காக வாங்கினோமோ அந்த வளைவில் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ட்ராக்டர் ஒருநாள் உன் பைக் கண்ணாடியை உரசிப் போன பிறகு, கடைக்குப் போய் மெல்லிய குரலையே வாங்கி வந்து மாட்டினாய். நீ முதலில் கேட்டதும் அதைத்தான். இப்போது நீ வளைவு திரும்பும்போது குழந்தை வீரிடுகிறது, எனக்கும் அது பழகிப்போய்விட்டது. தடித்த ஹோர்ன் பழைய சேலைத் துண்டில் சுற்றி என் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது.

எல்லாரும் சிரித்து மறந்த பிறகும் எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கடையில் அத்தனை சத்தம் கேட்டும் அந்த ஒன்று மட்டும் ஏன் பிடித்தது? மலையில் மரத்துக்கு மரம் நடக்கும்போது இதையே யோசித்தேன். மகனுடைய உயிருக்குக் காவலாக ஒரு சத்தத்தைத் தேடிப்போனவள், தன்னை இத்தனை காலம் எழுப்பிவிட்ட சத்தத்தையே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நல்ல சத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கங்காணிமேல் வந்தது, உன்மேல் வந்தது, கடைசியில் என் கால்மேலேயே வந்து நின்றது. ஒரு கிழமைக்கு யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று நீ கேட்டாய், பல்வலி என்று சொன்னேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் கஹவத்தையிலிருந்து பஸ் மாறி மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். நீ பேரைப் பதிகிற கதையைச் சொன்னாய், நான் நல்லதுதானே என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காம்பரா தப்பியது, கண்மூடும்வரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழேயே கிடக்கலாம் என்று மனசு துள்ளியது. அந்தப் பெண் மடியில் இருந்த தன் கையை மட்டும் பார்த்தாள். கஹவத்தை டவுனில் பார்மசியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற பெண். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்த அவள் அம்மா எவ்வளவு கொழுந்து பறித்திருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே மெயின் ரோட்டில் ஏதோ ஒரு லொறி நீட்டி ஹோர்ன் அடித்தது. நான் எழுந்துவிட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, கதவோரம் கவிழ்த்திருந்த பால் வாளியைக் கையிலும் எடுத்துவிட்டேன். நீ உன் மாமனாரோடு கல்யாண மண்டபத்துப் பேச்சில் இருந்தாய், பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

"எங்க மாமி எழும்புறீங்க? இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே."

தண்ணி எடுக்க என்று சமாளித்தேன். நிறைகுடம் என் காலடியிலேயே இருந்தது. அவள் குடத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். பிறகு வாளியை என் கையிலிருந்து வாங்கிப் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

மகனே, அவள் பேரைப் பதியாதே. நான் இந்தக் காம்பராவுக்குள் கல்யாணமாகி வந்தபோதும் இதே பேச்சுத்தான். ஒரு பேர் இருந்தால் காம்பரா இருக்கும், கொஞ்ச நாளைக்குத்தான் என்று உன் அப்பாவும் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் இப்போது வயது முடிந்து பேர் வெட்டப்போகிறார்கள். காம்பரா நம்மைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், நாம்தான் ஆள் மாற்றி ஆள் அதற்குக் காவல் நின்றிருக்கிறோம். ருவன்வெல்லையிலோ அவிசாவளையிலோ ஓர் அறை வாடகைக்குப் பார். உனக்குக் கடை வேலை, அவளுக்குப் பார்மசி வேலை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, அவள் ஏதாவது சொன்னால் அவளிடமும் "பாத்துக்கலாம்" என்று சொல்லி வைக்காதே. ரிலே போடாமல் வயர் கொடுத்த கதை உனக்கு ஞாபகம் இருக்கட்டும். பேர் பதிகிற பேச்சுக்கு அந்தப் பெண் அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இரு.

அம்மா என்ன செய்வாள் என்று கேட்பாய். என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதத்தான் கை போனது. எழுதினால் அது பொய் வீரம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பேர் வெட்டிய பிறகு கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நிற்கப்போகிற நாளை நினைத்து இராத்திரியில் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன். உங்கள் வாடகை அறையில் ஒரு மூலையில் வந்து ஒண்டினால் அந்தப் பிள்ளைக்குப் பாரமாகிவிடுவேனோ என்றும் பயம். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. இங்கே தவிர வேறெங்கும் நான் இருந்ததில்லை, எப்படி இருப்பது என்றும் தெரியாது. ஆனாலும் என் பயத்தைத் தீர்க்க அவளுடைய காலைக் கொண்டுபோய் அந்த ஹோர்னுக்குக் கட்டிப்போட மாட்டேன். பேர் இல்லாமலே அன்றன்றைக்குக் கூலி தருகிற கைக்காசு வேலை கிடைக்கிற மட்டும் அதைச் செய்துகொண்டு இங்கேயே இருக்கிறேன். போகச் சொல்கிற அன்றைக்கு உனக்குச் சொல்லி அனுப்புகிறேன், வந்து கூட்டிக்கொண்டு போ.

அப்போது எனக்காக ஒரு காரியம் செய். நீங்கள் இரண்டு பேரும் இங்கிருந்து போகும்போது ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தடித்த ஹோர்னை எடுத்துக்கொண்டு போ. என்னைக் கூட்டிப்போக வரும்போது அதை மாட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா, இல்லாவிட்டால் உன்னால் மலை முழுவதற்கும் இன்னொரு தடவை அரைப்பேர் விழும், செல்லம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள். லயத்துக்குக் கீழே உள்ள வளைவில் நின்று, ஆபிஸ்காரர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஒரு தரம் நீட்டி அடி. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்டதும் எழும்பிவிடுவேன், அது என் கையில் இல்லை. கை வாளிப் பக்கம் போகக்கூடாது என்றுதான் ஆசை, ஆனால் சத்தியம் பண்ண முடியாது. போய்விட்டால் சிரிக்காதே. அவள் செய்ததுபோல வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்.

உன் அம்மா